அடிக்காமல் விட்ட கல்

"காஞ்சிருச்சுங்க" என்று யார் சொன்னாலும் அந்த அக்கா நம்பமாட்டார். வீட்டுக்காரர் சொன்னாலும் நம்பமாட்டார், கொத்தனார் சொன்னாலும் நம்பமாட்டார். பெயிண்ட் டப்பாவின் மேல் இத்தனை மணி நேரத்தில் காயும் என்று அச்சடித்திருந்தால் அதையும் நம்பமாட்டார். புறங்கையைத் தரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு கண்ணைத் திறந்து, சொன்னவரை ஒரு பார்வை பார்ப்பார். உண்மையைச் சொன்னவருக்கே நாம் பொய் சொல்லிவிட்டோமோ என்று இருக்கும்.

கல் தரையைச் சுத்தம் செய்து பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். ஓமலூர்ப் பக்கமிருந்து மொபெட்டில் வருவார். காலடியில் இரண்டு டப்பா, பின்னால் ஒரு சாக்கு. சேலைக்கு மேல் முழுக்கை ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கையாள் வைத்துக்கொள்ளமாட்டார். ஏன் என்று கேட்டேன்.

"ஆளு வெச்சா, அவுங்க கழுவுன எடத்த நான் மறுக்காக் கழுவோணுமுங்க. ஒரே தரைக்கு ரெண்டு வேல எதுக்கு?"

அந்தச் சட்டைப் பையில்தான் அவருடைய முக்கியமான ஆயுதம் இருந்தது. கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துப் புட்டி. உள்ளே மருந்து கிடையாது, வெறும் தண்ணீர். ஒவ்வொரு கல்லிலும் ஒரு சொட்டு விட்டு, உதடு அசையாமல் நூறு வரை எண்ணுவார். சொட்டு உள்ளே இறங்கிக் கல் கறுத்தால் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். சொட்டு உருண்டையாக அப்படியே நின்றால் ஒரு பெருக்கல் குறி. தண்ணீர் குடிக்கிற கல்தான் பெயிண்டைப் பிடிக்கும், குடிக்காத கல்லுக்குள் ஏதோ ஒளிந்திருக்கிறது என்பது அவர் கணக்கு. மனதுக்குள் அவருக்குச் சொட்டு அக்கா என்று பேர் வைத்திருந்தேன். வெளியே சொல்லும் தைரியம் வரவில்லை.

எங்கள் வீட்டுக் கல்லுக்குள் ஒளிந்திருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம். ஒளித்தது நான்தான்.

எங்கள் வீடு புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி, தோட்டத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விடுவார், வருஷத்தில் பாதி நாள் இங்கே இருக்கமாட்டார். வீட்டில் நான், மாமா, அத்தை மூன்று பேர்தான். ஆசாரம், அதாவது முன்கூடம், முழுக்கக் கறுப்புக் கடப்பாக் கல். வருஷக்கணக்காக நடந்து நடந்து அது வெளுத்துப் போயிருந்தது. நாமக்கல்லில் வாக்கப்பட்ட என் நாத்தனார் ஒருமுறை வந்தபோது, "என்ன அம்மிணி, தரை எருமத் தோலாட்டம் ஆயிருச்சு?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னதுதான், ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஆட்கள் வருவதாக இருந்தது, கூட நாத்தனாரும் வருவாள். முதல் நாள் மத்தியானம் மாமாவும் அத்தையும் தோட்டத்தில் இருந்தார்கள். ரிக் வீடென்றால் ஒரு கேன் டீசல் எப்போதும் மூலையில் கிடக்கும். டீசலில் தேங்காய் எண்ணெய் கலந்து துடைத்தால் கறுப்புக் கல் புதுசு மாதிரி ஆகும் என்று எங்கள் பக்கம் பலரும் செய்வதுதான். நானும் செய்தேன். உலர்ந்த துணியால் ஒற்றியும் எடுத்தேன். முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது தரை. எங்கள் வீட்டில் எப்போதும் டீசல் வாசம்தான், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாமா மட்டும், "என்ன சாமி, தரை இந்த மினுங்கு மினுங்குது?" என்றார். சோப்புப் போட்டுக் கழுவினேன் என்றேன்.

மறுநாள் பத்திரிகை வைக்க வந்தவர்கள் தரையைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த நாள் காலையில் குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்த அத்தை ஆசாரத்தில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில், விழுவதற்கு முன்னால் தலை சுற்றியதா என்று டாக்டர் கேட்டார். வலியில் இருந்த அத்தை ஆமாம் என்று தலையாட்டினார். பிரஷர் மாத்திரை கூடிப்போனால் அப்படி ஆகலாம் என்றார் டாக்டர். அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது மாமா. நாத்தனார் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "அப்பா மறந்துபோட்டு ரெண்டு தடவ குடுத்திருப்பாரு. இனிமே நீங்க மாத்திரயத் தொடவே வேண்டாமுங்கப்பா."

மாமா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதுதான் பயங்கரம். கொடுத்திருப்பேனோ, கொடுத்திருப்பேனோ என்று யோசித்து யோசித்து, ஒரு வாரத்தில் கொடுத்துவிட்டேன் என்றே முடிவுக்கு வந்துவிட்டார். பிறகு எல்லாவற்றிலும் சந்தேகம். மோட்டாரை நிறுத்தினேனா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேனா, கதவைச் சாத்தினேனா என்று மூன்று முறை போய்ப் பார்ப்பார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே ஒன்றரை மாதம் ஓடிவிட்டது.

அத்தையை ஆஸ்பத்திரியிலிருந்து நாத்தனார் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். தரை வழுக்காமல் இருந்தால்தான் இங்கே அனுப்புவேன் என்றுவிட்டாள் நாத்தனார். கல்லைப் பெயர்த்து வேறு போடுவதென்றால் மாசக்கணக்காகும். கல்லின் மேலேயே சொரசொரப்பாகப் பெயிண்ட் அடிக்கலாம், தனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறாள் என்று அவளே ஆளை அனுப்பினாள். அனுப்பியது நாத்தனார் என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெயிண்ட் அடிக்க வருகிறாளா, துப்புத் துலக்க வருகிறாளா?

வந்த அன்றே என் சந்தேகம் வலுத்தது. அக்கா உள்ளே நுழைந்து மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினார். "டீசல் வாசமுங்க" என்றார். என் வீட்டுக்காரரின் வேலைத் துணிகள் என்றேன். "அவரு ஊர்ல இருக்கறாருங்களா?" என்றார். இல்லை என்றேன். "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் தண்ணீரை நம்பாமல் உப்பு பார்க்க நாக்கில் ஒரு துளி விட்டுப் பார்த்தார். கடையில் சீல் வைத்துக் கொடுத்த தின்னரைத் திறந்து முகர்ந்து, ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு, அது எத்தனை நேரத்தில் பறக்கிறது என்று பார்த்தார். நான் கொடுத்த காப்பியைக்கூட டம்ளரைச் சாய்த்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் குடித்தார். சர்க்கரைதான் அக்கா என்றேன். "தெரியுதுங்க" என்றார். சிரிக்கவில்லை.

காப்பி குடிக்கும்போது வாழப்பாடிக் கதை ஒன்று சொன்னார். அங்கே ஒரு வீட்டுக்காரர் தரையில் துளி ஈரம் கிடையாது என்று அடித்துச் சொன்னாராம். அக்கா ஒரு பாலித்தீன் தாளை விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் பார்த்தால் தாளுக்கு அடியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. சுவருக்குள் குழாய் கசிந்து வருஷமாகியிருந்ததாம். அதை எப்படியோ மூடி மறைத்து வீட்டை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார் அந்த மனுசன்.

"உங்களை என்ன சொன்னாருங்க?"

"உன்னய பெயிண்ட் அடிக்கக் கூப்புட்டனா, போலீஸ் வேலைக்குக் கூப்புட்டனான்னு கத்துனாருங்க. நான் மூட்டயக் கட்டிட்டு வந்துட்டேன்."

"எல்லாரையும் சந்தேகப்பட்டுட்டே இருந்தா எப்படிங்கக்கா?"

"ஒருக்கா நம்புனனுங்க" என்றார். மேலே சொல்வார் என்று காத்திருந்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். எங்கே நம்பினார், யார் விழுந்தார்கள், இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று மாலைக்குள் ஆசாரம் முழுக்கச் சொட்டு விட்டு முடித்துவிட்டார். நான் அடுப்படி நிலையில் நின்று பார்த்தேன். வாசலிலிருந்து சாமி மாடம் வரை பெருக்கல் குறி, பெருக்கல் குறி, பெருக்கல் குறி. தெற்குச் சுவரோரம் இரண்டு வரிசை மட்டும் வட்டம். இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி நேர்கோடு. அக்கா அந்தக் கோட்டின் மேல் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்கய்யா, இந்தச் செவுத்தோரம் ஏதாச்சும் அடுக்கியிருந்தீங்களா?"

மாமா நாற்காலியில் இருந்தார். "மஞ்ச மூட்டைங்க. அவ உழுவறதுக்கு நாலஞ்சு நாளைக்கு முந்தி எறக்குனோம். பொறவு வெலை வந்துச்சுன்னு ஏத்தி உட்டுட்டோமுங்க."

"ஓ, அதுக்கு முந்தி இங்க ஒண்ணுமில்லீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. எனக்கு நாபகம் சரியா இருந்தா."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். மூட்டை இருந்த இடத்தில் எண்ணெய் இல்லை, மற்ற இடமெல்லாம் எண்ணெய். அப்படியென்றால் மூட்டை இறக்கிய பிறகு, அத்தை விழுவதற்கு முன்னால், யாரோ துடைத்திருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் கணக்கை.

"தரைக்கு எண்ணெ ஏதாச்சும் போட்டீங்களா அம்மிணி?"

"இல்லீங்கக்கா. சோப்புத்தான்."

"செரிங்க" என்றார்.

அக்கா அன்று ஊருக்குப் போகவில்லை, பக்கத்துத் தோட்டத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கிவிட்டார். விடிந்தும் விடியாததுமாக நான் பால் கறக்கப் போவது போல எழுந்து, ஈரத்துணியோடு ஆசாரத்துக்குள் போய்ப் பெருக்கல் குறிகளை அழித்தேன். அழித்து என்ன செய்யப் போகிறேன் என்றெல்லாம் யோசிக்கவில்லை. குற்றம் செய்தவர்களுக்குப் புத்தி அப்படித்தான் போகும் போலிருக்கிறது.

எட்டு மணிக்கு அக்கா வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். முந்தின நாள் கிளம்பும்போது உள்வாசல் நிலையடியில் சாக்பீஸ் பொடியை மெல்லத் தூவிவிட்டுப் போயிருக்கிறார், ஈரத்தரையில் யாரும் நடக்கிறார்களா என்று பார்க்க எல்லா வீட்டிலும் அப்படிச் செய்வாராம். பொடியில் இரண்டு கால் தடம் பளிச்சென்று இருந்தது. உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது ஒன்று. மெட்டி போட்ட விரல்கள் அகன்று பதிந்த தடம்.

நான் பேசுவதற்குள் மாமா எழுந்து வந்தார். தடத்தைப் பார்த்தார், அழிந்த குறிகளைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"நாந்தானுங்க போயிருப்பேன்" என்றார். "எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் நெனப்புல நிக்கறதில்லீங்க. என்ன பண்றேன்னே தெரியறதில்ல. கோவிச்சுக்காதீங்க அம்மிணி."

அவர் கால் என் காலைப் போல இரண்டு மடங்கு இருக்கும். அதைக்கூடப் பார்த்துத் தெரிந்துகொள்ளாத அளவுக்கு அந்த மனிதர் தன்னைத் தானே நம்பாமல் போயிருந்தார். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

அக்கா உள்ளே வந்தார். புட்டியை எடுத்து முதல் கல்லிலிருந்து மறுபடி சொட்டு விட ஆரம்பித்தார். அதே இடங்களில் அதே உருண்டைகள், அதே குறிகள். மாமா மோட்டாரைப் பார்க்கப் போன பிறகு என்னிடம் வந்தார்.

"ஆளு யாருன்னு எனக்கு வேண்டாமுங்க. என்ன ஊத்துனாங்கன்னு மட்டும் வேணும். தேங்கா எண்ணெயின்னா சோடாக் காரம் போதும், நொரயாட்டம் கெளம்பி வந்துரும். டீசலுக்குக் காரம் கேக்காது, தின்னர்ல ஒத்தி ஒத்தி எடுக்கோணும். தெரியாமக் கழுவுனா பாதி உள்ளயே நிக்கும். மேல அடிச்சா ரெண்டு மாசத்துல தோலாட்டம் உரியும். உரிஞ்ச எடத்துல அந்தம்மா கால் வெச்சா மறுக்கா ஆஸ்பத்திரிதான்."

சாக்கிலிருந்து தேங்காய் நாரை எடுத்தார்.

"எண்ணெயே இல்லீன்னு நீங்க மறுக்காச் சொன்னா, நான் நேரா அடிச்சிட்டுப் போயர்றேன். சொல்லுங்க."

"ரெண்டும் கலந்துங்கக்கா" என்றேன். பிறகு எருமைத் தோலிலிருந்து மாத்திரை வரைக்கும் நிற்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேன். அவர் தேங்காய் நாரைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என் நாத்தனார்கிட்டச் சொல்லுவீங்களா?"

"கேட்டாச் சொல்லுவனுங்க. கேக்கலீன்னா எனக்கென்னங்க?" என்றார். ஜன்னல் பக்கம் தலையை ஆட்டினார். மாமா மோட்டார் ரூமிலிருந்து பாதி தூரம் வந்து, நின்று, திரும்ப அங்கேயே போய்க்கொண்டிருந்தார். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆவுது அம்மிணி? இது மூணாவது தடவ போறாரு பாருங்க."

அடுத்த நாலு நாள் அவர் வேலை செய்ததைப் பார்த்தேன். காரத்தண்ணீர் ஊற்றி நாரால் தேய்த்தார். தின்னரில் நனைத்த துணியைக் கல்லின் மேல் போட்டு, ஒற்றி, துணியை முகர்ந்து, மறுபடி போட்டார். எமரித் தாளால் மேல் தோலைச் சுரண்டினார். ஒவ்வொரு கல்லும் தண்ணீர் குடிக்கிற வரை விடவில்லை. பிறகு பிரைமர், அதன் மேல் நைஸ் மணல் கலந்த சாம்பல் பெயிண்ட் இரண்டு கோட்டு. ஒவ்வொரு கோட்டும் காய்ந்த பிறகு டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்து, டேப்பில் துகள் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. அப்போதும் அவர் முகத்தில் திருப்தி இல்லை.

கிளம்பும்போதுதான் கவனித்தேன், ஒரு கல்லை அடிக்காமல் விட்டிருந்தார். மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், காலண்டருக்குக் கீழே, யாரும் நடக்காத மூலையில் இருந்த கல். சாம்பல் தரைக்கு நடுவே அது ஒன்று மட்டும் கறுப்பாக, மேலே புதிதாகப் போட்ட பெருக்கல் குறியோடு கிடந்தது. மாமாவும் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, இதொண்ணு உட்டுப்போச்சுங்களே?"

"அது ஈரம் வாங்கியிருக்குதுங்கய்யா. காயோணும்."

வாழ்நாளில் யார் சொல்லையும் நம்பாதவர் அன்று கூசாமல் ஒரு பொய் சொன்னார். வண்டியை உதைத்தபடி என்னிடம் மெதுவாக, "காஞ்சதும் போன் பண்ணுங்க. எப்பக் காயும்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அவர் போனதும் புறங்கையை அந்தக் கல்லில் வைத்துப் பார்த்தேன். சுத்தமாகக் காய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அத்தை வந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று, காலை வைத்துப் பார்த்து, "நல்லாப் புடிக்குது" என்றார். நாத்தனார் மாத்திரைப் பெட்டியை என் கையில் கொடுத்து, "அப்பா கையில குடுத்துராத" என்று மாமாவின் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். வேளாவேளைக்கு நான் மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கீழே அந்தக் கல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்றாம் நாள் அவரே கேட்டார். "என்ன சாமி, இந்தக் கல்லு இன்னுமா காயல?"

"அது அன்னைக்கே காஞ்சிருச்சுங்க மாமா" என்றேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். சத்தம் போடுவார், கையை ஓங்குவார், வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவர் திட்டவே இல்லை.

"அப்ப, நான் ஒண்ணுதான் குடுத்தனா?" என்றார்.

"ஒண்ணுதானுங்க மாமா."

மறுபடி கேட்டார். "அன்னிக்கு ஒண்ணுதான?"

"ஒண்ணுதானுங்க."

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் கேட்ட அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பி கேட்டார். நாத்தனாருக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டட்டும், எனக்கு வேண்டியதுதான்.

பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன். "சொல்லிட்டனுங்கக்கா."

"செரிங்க. வாரேன்."

மறுநாளே சின்ன டப்பா ஒன்றோடு வந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் வார்த்தையை நம்பி ஓமலூரிலிருந்து அவ்வளவு தூரம் வந்துவிடுவாரா என்ன? நேராக மாமாவிடம் போய் நின்றார்.

"ஏனுங்கய்யா, காலைல அம்மாவுக்கு மாத்திரை குடுத்தாச்சுங்களா?"

"குடுத்துட்டனுங்க."

"எத்தனைங்க?"

நான் திருப்பிக் கொடுத்திருந்த மாத்திரைப் பெட்டி அவர் மடியில்தான் இருந்தது. பத்து நாளைக்கு முன்னால் என்றால் திறந்து எண்ணிப் பார்த்து, மறுபடி எண்ணி, என்னையும் கூப்பிட்டு எண்ணச் சொல்லியிருப்பார்.

"ஒண்ணுதானுங்க" என்றார் மாமா. பெட்டியைத் தொடவில்லை.

அக்கா அவரையே பார்த்தபடி நின்றார். நூறு எண்ணுகிறார் என்று நினைக்கிறேன். பிறகு குந்தி உட்கார்ந்து, பெருக்கல் குறியைத் துணியால் துடைத்துவிட்டு, பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்த புட்டியை அவர் எடுக்கவே இல்லை.